ஐஸ் பார் வேண்டாத இன்டக்‌ஷன் ஹீட்டர்: காசிமேட்டுக் கூலரும் ஒரு செம்புத் தட்டும்

தொட்டியில் ஐஸ் பார் மிதந்தால்தான் மெஷின் ஓடும் என்ற நிலையில் இருந்தது, காந்தப்புலத்தால் உலோகத்தைச் சூடேற்றும் அந்த இன்டக்‌ஷன் ஹீட்டர். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் ஒரு சிறிய பட்டறை. லேத் கருவிகளுக்குக் கார்பைடு முனை பற்றவைப்பது, விசைப்படகு வின்ச்சுகளுக்கான பின்களையும் சிறு ஷாஃப்டுகளையும் சூடேற்றிக் கடினப்படுத்துவது ஆகியவை அங்கே வேலை. மெஷின் 15 கிலோவாட், மூன்று ஃபேஸ். சித்திரை பிறந்துவிட்டால் அரை மணி நேரத்துக்குள் அதிவெப்ப விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடும். பட்டறைக்காரர் கண்டுபிடித்த வைத்தியம், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் பார் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுவது. மீனுக்கு வாங்கும் விலையில் மெஷினுக்கும் ஐஸ்.

ஐஸ் போட்டால் மெஷின் ஓடத்தான் செய்தது. ஆனால் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்ததும் இதை உடனே நிறுத்துங்கள் என்று சொல்லிவிட்டேன். கோடைக்காலத்தில் சென்னைக் காற்றின் பனிநிலை 25 டிகிரிக்கு மேல்தான் இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராக இறங்கும். ஐஸ் தண்ணீர் ஓடிய அலுமினியக் கட்டையின் கீழ் விளிம்பில் முத்து முத்தாக நீர் கோத்து நின்றது. ஒரு துளி பெரிதாகி, பக்கத்துத் துளியோடு சேர்ந்து, மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் சுவிட்சான ஐஜிபிடி மாட்யூலின் திருகை ஒட்டி வழிந்தது. அங்கிருந்து இரண்டு விரற்கடை தள்ளி அந்தச் சுவிட்சை இயக்கும் கேட் டிரைவர் அட்டை. அதன்மேல் கிரைண்டிங் தூசும் கடற்காற்றின் உப்பும் சேர்ந்து சாம்பல் நிறப் படலமாகப் படிந்திருந்தன. அந்தப் படலம் நனைந்தால் மின்சாரத்துக்கு நல்ல பாதை. உள்ளே இருப்பதோ ஏறக்குறைய 560 வோல்ட் டிசி மின்னழுத்தம். இதுவரை வெடிக்காதது பட்டறைக்காரரின் நல்ல நேரம்.

மின்னணுப் பாகங்களைத் திரவத்தால் குளிர்விக்கும்போது எவ்வளவு குளிர்ச்சியோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். ஐஜிபிடிக்குள் இருக்கும் சிலிக்கானின் தாங்கும் எல்லை பொதுவாக 150 டிகிரி. அதற்கு 15 டிகிரித் தண்ணீர் தேவையே இல்லை. 40 டிகிரித் தண்ணீர் தாராளம். அந்தத் தண்ணீர் போதிய அளவில் ஓட வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும். இந்த மெஷினில் அந்த இரண்டுமே இல்லை.

அளந்து பார்த்தது

இந்த மெஷினில் தண்ணீர் மூன்று கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று ஐஜிபிடி மாட்யூல்கள் உட்கார்ந்திருக்கும் அலுமினியக் கட்டைக்கு, ஒன்று வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கு, ஒன்று வேலைக் காயிலுக்கு. காயில் என்பது வளைத்த செம்புக் குழாய். நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதன் தோலில் ஓடும், உள்ளே தண்ணீர் ஓடும், எதிரே செக்கச்செவேல் என்று வேலைப் பொருள் இருக்கும். தண்ணீர் சில நொடிகள் நின்றாலே காயில் உருகிவிடும். ஆகவே பட்டறைக்காரர்களின் கவனம் எல்லாம் காயில்மேல்தான். ஐஜிபிடிக் கிளையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

மூன்று ஹோஸ்களையும் தனித்தனியாகப் பக்கெட்டில் விட்டு, கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து அளந்தேன். காயிலில் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர், டிரான்ஸ்ஃபார்மரில் மூன்று, ஐஜிபிடிக் கட்டையில் 0.6 லிட்டர். அது ஓட்டமே அல்ல, கசிவு.

தண்ணீரால் குளிர்விக்கும் எதற்கும் ஒரே கணக்குத்தான். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம். இரண்டையும் பெருக்கி 14.3-ஆல் வகுத்தால் நீர் எடுத்துச் செல்லும் வெப்பம் கிலோவாட்டில் கிடைக்கும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.19 கிலோஜூல் வேண்டும் என்பதிலிருந்து வருவது இது. ஐஜிபிடிக் கட்டையில் 12 டிகிரி வித்தியாசம் இருந்தது. 0.6 பெருக்கல் 12 வகுத்தல் 14.3, அரைக் கிலோவாட். ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் பாதி. இதற்குப் போய் ஐஸ் பாரா?

வெப்பம் அதிகமில்லை என்றால் கட்டை ஏன் கொதிக்கிறது? அதைத் தெரிந்துகொள்ளக் கட்டையைக் கழற்றி, ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தேன். எப்படியும் அதைத் திரும்பப் பொருத்தப் போவதில்லை. 8 மில்லிமீட்டர் துளையில் பென்சில் நுழையாது. பென்சிலின் கரிக்குச்சி வேண்டுமானால் நுழையும். மீதி முழுவதும் வெள்ளையும் செம்பழுப்புமாகப் படிவம். ஒரு சில்லைப் பெயர்த்து எலுமிச்சைச் சாற்றில் போட்டேன். உடனே நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புதான், சந்தேகமில்லை. படிவம் பெயர்ந்த இடத்தில் அலுமினியம் அம்மை வந்த முகமாகக் குழி விழுந்திருந்தது. ஒரு குழி வெளிச்சுவருக்கு ஒரு மில்லிமீட்டர் தூரம்வரை போயிருந்தது. இன்னும் சில மாதங்கள் விட்டிருந்தால் தண்ணீரே உள்ளே பீறிட்டிருக்கும்.

இதில் இரண்டு வியாதிகள் சேர்ந்திருக்கின்றன. சுண்ணாம்புப் படிவத்தின் வெப்பக் கடத்தல் அலுமினியத்தின் நூற்றில் ஓரிரு பங்குதான். கட்டைக்கும் நீருக்கும் நடுவே கம்பளி போர்த்திய நிலை. சர்க்கரையும் சாதாரண உப்பும் சூடான நீரில் அதிகம் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு. சூடான சுவரைக் கண்டதும் அங்கேயே படியும். எந்த இடம் குளிர வேண்டுமோ அந்த இடத்தைத்தான் அது முதலில் மூடும். படிந்ததால் ஓட்டம் குறையும், ஓட்டம் குறைந்ததால் சுவர் இன்னும் சூடாகும், சூடானதால் இன்னும் படியும்.

அடுத்த வியாதி, ஒரே நீர்ச் சுற்றில் செம்பும் அலுமினியமும். காயிலும் டிரான்ஸ்ஃபார்மரும் செம்பு, கட்டை அலுமினியம், நடுவே உப்பு நீர். செம்பிலிருந்து நுண்ணிய அளவில் கரைந்து வரும் அயனிகள் அலுமினியத்தின்மேல் படிந்து, படிந்த ஒவ்வோர் இடத்திலும் ஒரு குட்டி பேட்டரியை உண்டாக்கி, அலுமினியத்தைத் தின்கின்றன. குளோரைடு அதற்குத் துணை. மலிவான மெஷின்களில் இந்தச் சேர்க்கையைத் தொடர்ந்து பார்க்கிறேன். விற்கும்போது ‘சுத்தமான நீர் மட்டும்’ என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள் போலும்.

தண்ணீர்தான் பிரச்சினை

பட்டறையின் போர் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தேன். 2,400 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 2.4 கிராம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்கிறது. எண்ணூர், மீஞ்சூர் பக்கமெல்லாம் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சியதால் கடல் உள்ளே ஏறி வந்தது பழைய கதை. வட சென்னையின் கடலோரத் தெருக்களில் போர் போடுபவர்கள் நல்ல தண்ணீரை எதிர்பார்த்துப் போடுவதில்லை; கழுவவும் கட்டடத்துக்கும் ஆகும் என்றுதான் போடுகிறார்கள். 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை வந்த இடமும் இதே வட்டாரம்தான்.

ஆகவே இங்கே திரவக் குளிர்விப்பு என்பது வெப்பக் கணக்கு அல்ல, தண்ணீர்க் கணக்கு. வெப்பத்தை எங்கேயாவது கொட்ட வேண்டும். கொட்டுவதற்கு மலிவாகக் கிடைப்பது போர் தண்ணீர். போர் தண்ணீரை மெஷினுக்குள் விடக்கூடாது.

மின்விசிறி வைத்த ரேடியேட்டர் ஒரு வழி. கார் ரேடியேட்டர் ஒன்றை மாட்டிவிட்டால் தண்ணீரே வேண்டாம். ஆனால் 2003 மே மாதம் சென்னையில் 45 டிகிரி பதிவானது. அவ்வளவு வேண்டாம், சாதாரண மே மாதத்திலேயே அந்தத் தகரக் கூரைக்குக் கீழே 40-ஐத் தாண்டும். ரேடியேட்டர் காற்றைவிடக் குளிராக எதையும் தர முடியாது. அதோடு கிரைண்டிங் தூசும் உப்புக் காற்றும் அதன் மெல்லிய அலுமினியத் துடுப்புகளைச் சீக்கிரமே அடைத்து அரித்துவிடும். கம்ப்ரெசர் வைத்த சில்லர் இன்னொரு வழி. காசு, மின்கட்டணம், போதாக்குறைக்குப் பழைய பனித்துளி அபாயம். நான் அதை எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டேன்.

மிஞ்சியது இரண்டு சுற்று. மெஷினுக்குள் மூடிய சுற்றில் சுத்தமான நீர். வெளியே தொட்டியில் போர் தண்ணீர். இரண்டும் கலக்காமல் வெப்பத்தை மட்டும் கைமாற்றிவிடும் வெப்பப் பரிமாற்றி நடுவில். கடையில் இதற்குக் கேட்டால் பிரேசிங் செய்த தட்டுப் பரிமாற்றியைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். கையடக்கமானது, திறமையானது, விலையும் பரவாயில்லை. ஆனால் துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான். திறக்க முடியாது. இந்தத் தண்ணீரைக் காட்டினால் அடைத்துக்கொள்ளும். ஆசிட் விட்டுக் கழுவலாம், கழுவியபின் உள்ளே சுத்தமானதா என்று கண்ணால் பார்க்க வழியில்லை. குளோரைடு அந்த எஃகிலும் குழி பறிக்கும்.

காசிமேடு

பட்டறைக்கு ஐஸ் வந்த இடத்திலேயே விடையும் இருந்தது. காசிமேட்டு விசைப்படகு எஞ்சின்களில் பலவற்றுக்கு இதே சிக்கல்தான்: எஞ்சினுக்குள் நல்ல தண்ணீர் ஓட வேண்டும், சுற்றிலும் இருப்பதோ கடல். படகு மெக்கானிக்குகள் இதைத் தலைமுறைகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். மின்னணுக்காரர்கள் உப்பு நீர் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிறோம். அவர்கள் அதிலேயே கைகழுவுகிறார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி, எஞ்சினைப் பிரித்து, பழையதைக் கழற்றிப் புதியது மாட்டும் பருவம் அது. கழற்றிய பாகங்கள் துறைமுகத்தை ஒட்டிய பழைய சாமான் கடைகளுக்கு வரும். எஞ்சினின் பெரிய பரிமாற்றி எனக்கு வேண்டாம். அது பத்துக் கணக்கான கிலோவாட்டைச் சமாளிப்பது. நான் தேடியது கியர் பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறிய கூலர். முழங்கை நீளம், உள்ளே 36 நேர்க்குழாய்கள், இரு முனைகளிலும் கழற்றக்கூடிய மூடிகள். முதலில் காட்டிய ஒன்று பெரிதாகவும் புதிதாகவும் இருந்தது. ஆனால் அலுமினிய உறை. அலுமினியத்திலிருந்து தப்பத்தானே இவ்வளவு பாடு. பித்தளை உறை போட்ட பழையதை எடுத்தேன். குழாய்களைச் சுரண்டினால் வெள்ளிக்கும் செம்புக்கும் நடுவான நிறம். செம்பும் நிக்கலும் கலந்த குப்ரோநிக்கல். கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பயன்படுவது அதுதான்.

அங்கே வயதில் மூத்த மெக்கானிக் ஒருவர் நான் எதற்கு வாங்குகிறேன் என்று விசாரித்தார். சொன்னதும் கூலரை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, உப்புத் தண்ணீர் குழாய்க்குள்ளே போக வேண்டும், நல்ல தண்ணீர் குழாய்க்கு வெளியே. மாற்றிக் கொடுத்துவிட்டால் கழுவ முடியாது” என்றார். மூடியைக் கழற்றிக் கம்பித் துடைப்பானை ஒவ்வொரு குழாயிலும் விட்டு இழுக்கலாம். உறைப் பக்கத்தில் தடுப்புத் தகடுகள் இருப்பதால் அங்கே எந்தத் துடைப்பானும் போகாது. பிறகு ஒரு மூடியின் நடுவிலிருந்த பித்தளைத் திருகைக் கழற்றினார். அதன் நுனியில் விரல் நீளத்துக்கு இருக்க வேண்டிய துத்தநாகக் குச்சி கடலை மிட்டாய்த் துண்டு அளவுக்குத் தேய்ந்து, பஞ்சுபோலப் பொடிந்திருந்தது. “இது கரைகிறவரை கூலர் கரையாது. இது தீர்ந்ததைப் பார்க்காமல் விட்டால்தான் செலவு.” புதிய குச்சியை அவரே தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

எண்ணெய் ஓடிய கூலர் என்பதால் உறைக்குள் பிசுக்கு. மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கி ஊற்றி, பின்பு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரைச் சிறிய பம்ப் வைத்துச் சுற்றவிட்டேன். ஊற்றும் நீரில் வானவில் பளபளப்பு மறையும்வரை விடக்கூடாது. எண்ணெய்ப் படலம் ஒட்டிய சுவரில் வெப்பம் ஏறாது. கசிவுச் சோதனை எளிது. உறையின் ஒரு வாயை அடைத்து, மற்றதில் சைக்கிள் டியூப் வால்வு பொருத்திக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திவைத்துக் குழாய் முனைகளைப் பார்த்தேன். குமிழி எதுவும் இல்லை. ஓ-ரிங் இரண்டையும் புதிதாக மாற்றினேன்.

செம்புத் தட்டு

ஐஜிபிடிக்கான கட்டையைச் செம்பிலேயே செய்வதென்று முடிவானது. 20 மில்லிமீட்டர் கனமுள்ள செம்புப் பட்டை, 125-க்கு 220. நீளவாக்கில் நான்கு துளைகள், 10 மில்லிமீட்டர் விட்டம், முனைகளில் குறுக்குத் துளை போட்டு வளைந்து வளைந்து போகும் ஒரே பாதை. துளை போடுவதற்கு முன் மாட்யூல் திருகுகள் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். எம்6 மரை தண்ணீர்த் துளையைத் தொட்டுவிட்டால் அவ்வளவு செம்பும் குப்பை.

செம்பைத் துளைப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. இரும்புபோல் சுருள் உதிராது. மெழுகுபோல் இழுபட்டு டிரில் பிட்டைக் கவ்விக்கொள்ளும். லேத்துக்காரர் மண்ணெண்ணெய் சொட்டவிட்டு, ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் பிட்டை வெளியே இழுத்துச் சுருளை உதறிவிட்டு மறுபடி இறக்கினார். 220 மில்லிமீட்டரை ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் பிட் எங்கேயாவது சாய்ந்துவிடும். இரு முனைகளிலிருந்தும் பாதிப் பாதியாகப் போட்டு நடுவில் சந்திக்க வைத்தார். சந்தித்த இடத்தில் சிறிய படி இருந்தது. அது நல்லதுதான், நீரைக் கொஞ்சம் கலக்கிவிடும். திறந்த முனைகளில் செம்பு முளைகளை அடித்து வெள்ளிப் பற்றால் மூடினோம்.  

மேற்பரப்பு தட்டையாக இல்லையென்றால் இவ்வளவும் வீண். மாட்யூலின் அடித்தகட்டுக்கும் செம்புக்கும் இடையே முடி அளவு இடைவெளி இருந்தாலே வெப்பம் அங்கே சிக்கிக்கொள்ளும். செம்பு காந்தத்தில் ஒட்டாததால் கிரைண்டிங் மெஷினின் காந்த மேசையில் நிற்கவில்லை. எமரித் தாளைச் சர்ஃபேஸ் பிளேட்டின்மேல் விரித்து, தட்டைக் கவிழ்த்து எட்டு வடிவில் கையாலேயே தேய்த்தேன். முதலில் 400, பிறகு 800. நீல மை தடவிப் பார்த்தால் உயர்ந்த இடங்கள் மட்டும் பளிச்சென்று தெரியும். மை பரப்பு முழுவதும் ஒரே சீராக அழியும்வரை தேய்க்க வேண்டும். தெர்மல் பேஸ்டை அள்ளி அப்புவது பொதுவான வழக்கம். அது உலோகம் தொடாத குழிகளை நிரப்பத்தான்; கனமாகத் தடவினால் அதுவே தடை. பழைய ஏடிஎம் அட்டையால் வழித்து, அடியிலிருக்கும் செம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு விட்டேன். திருகுகளைக் குறுக்குக் குறுக்காக முதலில் இலேசாகவும், பேஸ்ட் பரவச் சற்று நேரம் விட்டு, டார்க் ஸ்பேனரால் 4 நியூட்டன் மீட்டர்வரையும் முடுக்கினேன். ஒரே மூலையை முதலில் இறுக்கினால் அடித்தகடு வளைந்து உள்ளே பீங்கான் விரிசல் விடும்.

காயிலையும் டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சிட்ரிக் அமிலம் வாங்கி, இளஞ்சூட்டு நீரில் இருபதுக்கு ஒன்று என்று கரைத்து, நுரை அடங்கும்வரை சுற்றவிட்டேன். பட்டறைக்காரர், “அண்ணே, கழிப்பறைக்கு ஊற்றுகிற ஆசிட் ஒரு பாட்டில் போதுமே” என்றார். சுண்ணாம்பு போகும்தான், கூடவே இணைப்புகளிலிருந்து துத்தநாகத்தையும் இரும்பையும் கரைத்துக்கொண்டு போகும், மூச்சுக்கும் ஆகாது. கடைசியில் சமையல் சோடா கரைத்த நீர், அதன்பின் நல்ல நீர்.

உள்சுற்று

உள்ளே எந்தத் திரவம்? எண்ணெயும் ஓட்டலாம். இராயபுரம் மின்சார லோகோ ஷெட்டிலிருந்து புறப்படும் டபிள்யூஏபி-7 ரயில் எஞ்சின்களில் பழையவற்றில் கன்வெர்ட்டரின் வெப்பத்தை எடுப்பது எண்ணெய்தான். அதை ரேடியேட்டரில் ஓட்டி ராட்சத ஊதியால் காற்றடிக்கிறார்கள். மின்சாரம் கசியாது என்பது எண்ணெயின் பெருமை. ஆனால் அதே அளவு வெப்பத்தைச் சுமக்க நீரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் ஓட வேண்டும், பிசுபிசுப்பும் அதிகம். நம் மாட்யூல்களின் அடித்தகட்டுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே பீங்கான் அடுக்கு இருப்பதால் சுத்தமான நீரே போதும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் இருபது லிட்டர், செம்பைக் காக்க ஒரு சிட்டிகை பென்சோடிரையசோல். கிளைக்கால் வேண்டாம், அது உறைபனிக்கானது, திருவொற்றியூரில் நீர் உறையப்போவதில்லை.

பம்ப் அரைக் குதிரைத்திறன், துருப்பிடிக்காத எஃகுப் பல்லடுக்கு. பழைய வார்ப்பிரும்பு பம்பை வெளிச்சுற்றுக்குத் தள்ளிவிட்டேன். உள்ளே தெரியும் பழைய கண்ணாடி ஹோஸ்களுக்குப் பதில் கறுப்பு ரப்பர் ஹோஸ். வெளிச்சம் பட்டால் உள்ளே பாசி வளரும், பாசி முதலில் போய் உட்காருவது ஐஜிபிடித் தட்டில்தான். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு வால்வு. ஐஜிபிடிக் கிளையில் தனியாக ஓட்டச் சுவிட்ச், அது மெஷினின் பாதுகாப்புச் சங்கிலியோடு தொடராக. பழைய மெஷினில் இருந்தது பொதுவான அழுத்தச் சுவிட்ச் மட்டும். ஒரு கிளை அடைத்தால் அழுத்தம் கூடுமே தவிர குறையாது, ஆகவே அது கடைசிவரை ‘எல்லாம் நலம்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. மெஷினை நிறுத்தியபின் பம்ப் மட்டும் ஐந்து நிமிடம் ஓட ஒரு டைமர். சிவந்த வேலைப் பொருள் காயிலுக்குள் இருக்கும்போதே சுவிட்சை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போவது அங்கே வழக்கம்.

பரிமாற்றியில் உள்சுற்றின் அழுத்தம் வெளிச்சுற்றைவிட எப்போதும் அதிகமாக இருக்கும்படி வைத்தேன். என்றாவது குழாய் ஓட்டையானால், மெஷின் ஓடும்போது நல்ல நீர் வெளியே போகும், உப்பு நீர் உள்ளே வராது. விரிவுத் தொட்டியில் மட்டம் இறங்குவதைப் பார்த்தே தெரியும். நின்றிருக்கும் நேரத்தில் கசிந்தால் டிடிஎஸ் மீட்டர் காட்டிக்கொடுக்கும். இருபது லிட்டர் வடிநீரில் ஒரு டம்ளர் போர் தண்ணீர் கலந்தாலே கணக்கு இருபதுக்கு மேல் எகிறும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் கண்டென்சர்களும் கடல்நீரால் குளிர்பவை. அப்படிப்பட்ட நிலையங்களில் குழாய் ஓட்டையை நீரின் மின்கடத்தல் உயர்வதை வைத்துத்தான் மோப்பம் பிடிக்கிறார்கள். அங்கே பெரிய கருவி, இங்கே கைக்கு அடக்கமான மீட்டர்.

ஓட்டிப் பார்த்தபோது

மே மாத மத்தியானத்தில், ஏறக்குறைய 11 கிலோவாட் இழுக்கும் அமைப்பில் தொடர்ந்து ஓட்டினோம். உள்சுற்றின் ஓட்டம் நிமிடத்துக்கு 12 லிட்டர். அதில் ஐஜிபிடிக்கு 4. பரிமாற்றியிலிருந்து மெஷினுக்குப் போகும் நீர் 40 டிகிரி, திரும்பி வருவது 44.2. கணக்குப் போட்டால் மூன்றரைக் கிலோவாட். வெளிச்சுற்றில் நிமிடத்துக்கு 20 லிட்டர், உள்ளே 31, வெளியே 33.5, அதுவும் மூன்றரைக் கிலோவாட். இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் அளவுகளை நம்பலாம். ஒரு பக்கம் கூடுதலாக வந்தால் வெப்பமானி பொய் சொல்கிறது அல்லது பக்கெட் பொய் சொல்கிறது.

செம்புத் தட்டில் மாட்யூலின் விளிம்பை ஒட்டி வைத்த தெர்மோகப்பிள் 49 டிகிரியில் நின்றது. அதிவெப்பச் சுவிட்சின் எல்லை 60. பழைய கட்டையில் நிமிடத்துக்கு 0.6 லிட்டர்தான் ஓடியது, அதற்கும் சுவருக்கும் நடுவே சுண்ணாம்புக் கம்பளி. இப்போது சுத்தமான சுவரை ஒட்டி 4 லிட்டர் சுழன்று கலந்து போகிறது. ஐஸ் தண்ணீரைவிட 40 டிகிரித் தண்ணீர் இந்தச் சிலிக்கானை நன்றாகப் பார்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். 40 டிகிரித் தட்டில் பனித்துளிக்கு இடமே இல்லை.

தொட்டியும் உப்பும்

வெளிச்சுற்றுக்கு ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி. மூன்றரைக் கிலோவாட்டை வெறும் தொட்டி நீரில் கொட்டினால் மணிக்கு மூன்று டிகிரி ஏறும். மாலைக்குள் கைவைக்க முடியாது. திரும்பி வரும் நீரைக் கூரைக்கு ஏற்றி, ஷவர் தலைகள் வழியாகச் சணல் சாக்குகளின்மேல் வழியவிட்டுத் தொட்டியில் விழவைத்தோம். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். மணிக்கு ஐந்து லிட்டர்போல் குறையும்.

இங்கேதான் உப்பு மறுபடி தலைகாட்டுகிறது. ஆவியாவது நீர் மட்டும். எட்டு மணி நேர வேலையில் நாற்பது லிட்டர் போகும், அதை ஈடுகட்ட நாற்பது லிட்டர் போர் தண்ணீர் வரும், அதோடு ஏறக்குறைய நூறு கிராம் உப்பு வந்து தங்கிவிடும். டிடிஎஸ் நாளுக்கு நூறு ஏறும். 4,000-ஐத் தொட்டதும் பாதித் தொட்டியை வடித்துவிட வேண்டும் என்று சுவரில் எழுதிவைத்திருக்கிறோம். வடித்த நீர் தரை கழுவப் போகிறது. குழாய்ச் சுவர் 40 டிகிரிக்கு மேல் போகாததால் சுண்ணாம்பு முன்போல் வேகமாகப் படிவதில்லை. சமீபத்தில் மூடியைக் கழற்றியபோது குழாய்களுக்குள் இருந்தது விரலால் துடைத்தாலே வரும் மாவு. துத்தநாகக் குச்சி கால் பங்கு தேய்ந்திருந்தது. உள்சுற்றின் டிடிஎஸ் 11.

மிச்சம் இருப்பது மின்தேக்கிகள். அவற்றுக்கு இந்த மெஷினில் தண்ணீர்க் கிளையே இல்லை, சின்ன விசிறி ஒன்றுதான். மத்தியானத்தில் 58 டிகிரிவரை போகின்றன. அவற்றின் செம்புப் பட்டையில் கால் அங்குலக் குழாய் ஒன்றைப் பற்றவைத்து டிரான்ஸ்ஃபார்மர் கிளையோடு தொடராக இணைக்கலாம் என்று இருக்கிறேன். பட்டறைக்காரர் தீபாவளி ஆர்டர் முடியட்டும், அதற்குமுன் மெஷினைத் தொடாதே என்கிறார்.